ஓடுபவனும் ஓட்டுபவனும்

1924ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆந் திகதி, பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள கொலம்ப் விளையாட்டரங்கிலே ஒலிம்பிக் நூறு மீற்றர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடந்தது. இங்கிலாந்து வீரர் ஹரல்ட் ஏபிரகாம்ஸ் 10.6 செக்கனில் ஓடி முதலிடம் பெற்றார். ஐரோப்பியர் ஒருவர் ஒலிம்பிக்கில் இந்தத் தூரத்தை வென்றது அதுவே முதற்றடவை. அரங்கில் ஆரவாரம் எழுந்தது, கொடி ஏறியது, கீதம் ஒலித்தது. ஆனால், அந்த வெற்றிக்கு அவரை ஆயத்தஞ் செய்த சாம் முஸபினி என்ற 56 வயது மனிதர் அவ்வரங்கினுள் இருக்கவில்லை. நாட்டின் அதிகாரபூர்வமான குழுவில் அவருக்கு இடம் அளிக்கப்படவில்லை. அவர் செய்த குற்றம் ஒன்றே: ஓடக் கற்றுக் கொடுப்பதற்கு அவர் கூலி வாங்கினார்.

வீரருக்கும் அவரைப் பயிற்றுவிப்பவருக்கும் இடையே நல்லுறவு வேண்டும் என்று இக்காலத்தில் நூல்கள் பல எழுதப்படுகின்றன. நம்பிக்கை, மதிப்பு, மனம்விட்டுப் பேசுதல் என்பவை அவற்றில் வலியுறுத்தப்படுகின்றன. இவை வேண்டாமென்று யார் சொல்வார்? எனினும், இரண்டு மனிதர்களின் குணவியல்புகளைக் கொண்டு மட்டும் இவ்வுறவை விளக்கப் புகுவோர் பாதி விடயத்தை விட்டுவிடுகிறார்கள். கூலி கொடுப்பவர் யார்? ஓடுகின்ற உடல் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? "ஏன்?" என்று கேட்கும் உரிமை ஓடுபவனுக்கு உண்டா? இக்கேள்விகளுக்கு வரலாற்றிலேதான் விடை தேட வேண்டும்.

இங்கிலாந்தின் பிரபுக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலே தங்கள் குதிரைகளை ஓடவிட்டுப் பந்தயம் கட்டியது போலவே தங்கள் சேவகர்களையும் ஓடவிட்டுப் பந்தயம் கட்டினார்கள். பந்தய மனிதனைப் பழக்கும் முறையும் குதிரை லாயத்திலிருந்தே வந்தது எனலாம். இதற்குச் சிறந்த உதாரணம் கப்டன் றொபேட் பார்க்லே என்ற ஸ்கொத்லாந்து நிலப்பிரபு. 1809ஆம் ஆண்டில் நியூமார்க்கெட்டிலே ஆயிரம் மணித்தியாலங்களில், மணிக்கு ஒரு மைலாக, ஆயிரம் மைல் நடந்து காட்டிப் பந்தயப் பணம் வென்றவர் அவர். 1811இல் டொம் கிறிப் என்ற குத்துச்சண்டை வீரரைத் தமது பண்ணைக்கு அழைத்துச் சென்று பழக்கினார். கிறிப் முன்னர் நிலக்கரி சுமந்து பிழைத்தவர். பேதி மருந்து, வியர்வை எடுத்தல், மலைப்பாதையில் நெடுநடை, அரைவேக்காட்டு இறைச்சி என்பனவே பயிற்சி. 220 இறாத்தலுக்கு மேலிருந்த கிறிப்பின் நிறை 190 இறாத்தலளவிற்கு இறங்கியது. அவருடன் மோதியவர் அமெரிக்காவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் எனச் சொல்லப்படும் டொம் மொலினோ. பல்லாயிரவர் கூடிய அந்தச் சண்டையில் மொலினோவின் தாடை உடைந்தது, கிறிப் வென்றார், பார்க்லே பந்தயத்திற் பெருந்தொகை பெற்றார். வெள்ளைத் தொழிலாளி ஒருவனும் கறுப்பு மனிதன் ஒருவனும் இரத்தம் சிந்த, பிரபுவின் மடிசீலை நிறைந்தது. இங்கே பழக்கியவன் எசமான்; பழகியவன் அவன் முதல் போட்ட பொருள்.

ஒரு சொல்லின் வரலாறும் இங்கே கவனிக்கத்தக்கது. பயிற்றுநரைக் குறிக்கும் 'கோச்' என்ற ஆங்கிலச் சொல் முதலில் குதிரைவண்டியையே குறித்தது. வண்டி கட்டுவதிற் பெயர்பெற்ற ஹங்கேரிய ஊரொன்றின் பெயரிலிருந்து பிறந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒக்ஸ்போட் மாணவர்கள், தங்களைப் பரீட்சை என்னும் மேட்டில் ஏற்றி அப்பால் இறக்கிவிடும் தனியாசிரியரை இப்பெயரால் கேலியாக அழைத்தார்கள். அங்கிருந்துதான் அச்சொல் விளையாட்டுக்கு வந்தது. பரீட்சைக்கு மாணவரைச் சுமந்து செல்லும் வண்டிகள் நம் நாட்டிலும் குறைவில்லை என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவார்கள்.

பின்னர் மத்தியதர வர்க்கத்தினர் விளையாட்டைக் கைப்பற்றினார்கள். 1866இல் இலண்டனிலே தோன்றிய அமெச்சூர் மெய்வல்லுநர் கழகம், பணத்துக்காகப் போட்டியிடுவோரை மட்டுமன்றி, கைத்தொழிலாளியையும் கூலியாளையுமே விலக்கி வைக்க விதி செய்தது. 1880இல் அதன் இடத்தைப் பிடித்த சங்கம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் ஹென்லிப் படகோட்டப் போட்டியில் அது 1937வரை நீடித்தது. உடலால் உழைப்பவனுக்கு உடல் வலிமை கூடுதலாக இருக்கும், ஆகவே அவனோடு போட்டியிடுவது நியாயமன்று என்று காரணமும் கூறப்பட்டது! கனவான் ஒருவன் விளையாடலாம்; ஆனால் வெல்வதற்காகப் பாடுபடுவது அழகன்று. பாடுபடக் கற்பிக்கும் பயிற்றுநர் அக்கனவானின் கண்ணில் எப்படித் தோன்றியிருப்பார்? உடல் தேய்த்துவிடுபவராக, துவாலை ஏந்துபவராக, வாயில்வழி வரும் வேலைக்காரராகத் தோன்றினார்.

முஸபினி அந்த வாயிலில் நின்ற மனிதர். இலண்டனிற் பிறந்தவராயினும் அவருடைய முன்னோர் சிரியாவிலிருந்தும் ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் வந்தவர்கள். பில்லியட்ஸ் ஆட்டம் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். சைக்கிள் ஓட்டப் போட்டியாளரைப் பழக்கினார். பின்பு ஓட்டவீரரைப் பழக்கினார். 1908இல் தென்னாபிரிக்காவின் றெஜி வோக்கரும், 1920இல் 800 மீற்றரையும் 1500 மீற்றரையும் ஒருங்கே வென்ற அல்பேட் ஹில்லும் அவரிடம் பயின்றவர்களே. ஏபிரகாம்ஸோ கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்றவர். யூதக் குடியேற்றவாசி ஒருவரின் மகன். கனவான்களின் சபையில் ஏறியும் முழுதாக ஏற்கப்படாதவர். 1920இல் அன்ட்வேர்ப்பில் இறுதிப் போட்டியைக்கூட எட்டாத அவர், அமெச்சூர் மரபினர் முகஞ்சுளிக்கத் தொழின்முறைப் பயிற்றுநரிடம் கூலி கொடுத்துக் கற்க வந்தார். பார்க்லே காலத்து உறவு இங்கே தலைகீழாயிற்று. ஓடுபவர் கனவான், ஓட்டுபவர் கூலியாள்.

ஆனால் ஓட்டப்பாதையில் நடந்தது வேறு. ஏபிரகாம்ஸின் அடி நீளமானது. அதைச் சற்றுக் குறுக்கினால் வேகம் கூடும் என்று முஸபினி கண்டார். அடி விழவேண்டிய இடங்களிற் கடதாசித் துண்டுகளை வைத்து, சப்பாத்தின் முள்ளில் அவற்றைக் குத்தியெடுக்கும்படி ஓடச் செய்தார். முதல் அடியின் நீளத்திற்கு வெட்டிய நூலொன்றை ஏபிரகாம்ஸ் தம்முடன் கொண்டு செல்வார். போட்டிக்கு முன்னர் அதனால் அளந்து நிலத்திற் குறியிடுவார். இந்த நூல்தான் என் எண்ணத்தில் இவ்வுறவின் சாரம். பயிற்றுநரின் அறிவு அவர் வாயில் மந்திரமாக இருந்துவிடாமல், வீரரின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. முஸபினியை அரங்கின் வெளியே நிறுத்த அதிகாரிகளால் முடிந்தது. அந்த நூலை நிறுத்த முடியவில்லை.

முஸபினி 1927இல் இறந்தார். 1981இல் வந்த 'சாரியட்ஸ் ஒவ் ஃபயர்' திரைப்படம் அவரை மறதியிலிருந்து மீட்டது. 2012இல் தென் இலண்டனில் அவர் வாழ்ந்த வீட்டுச் சுவரிலே நினைவுப் பலகை பதித்தார்கள். ஏபிரகாம்ஸ் பிற்காலத்தில் அந்தப் பழைய சங்கத்துக்கே தலைவரானார்.

எசமானும் ஏவலாளும் என்ற நிலை இல்லாத இடத்தில் இவ்வுறவு எப்படி அமைந்தது என்பதை அறிய நியூசிலாந்துக்குச் செல்லவேண்டும். ஆர்தர் லிடியாட் ஒக்லாந்து நகரில் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர். வீடுவீடாகப் பால் விநியோகமும் செய்தார். விளையாட்டுக் கல்லூரிப் படிப்பு எதுவும் அவருக்கு இல்லை. தம் உடல் தளர்ந்திருப்பதை ஒருநாள் உணர்ந்தவர், நெடுந்தூரம் ஓடிப் பார்க்கத் தொடங்கினார். எவ்வளவு தூரம் ஓடினால் உடல் உறுதிபெறும், எவ்வளவுக்கு மேல் ஓடினால் முறியும் என்பதைப் பல ஆண்டுகள் தம்மிடமே சோதித்தார். கிழமைக்கு நூறு மைல் என்ற அளவு அப்படித்தான் கிடைத்தது. பிறர் உடலிற் பரிசோதனை நடத்தும் முன்னர் தன்னுடலை மேசைமேல் வைத்த பயிற்றுநர் அவர். 1953இலும் 1955இலும் நாட்டின் மரதன் ஓட்டத்தை வென்றார்.

அவரைச் சுற்றிச் சேர்ந்தவர்கள் அயலிலுள்ள இளைஞர்கள். றக்பி ஆட்டத்திற் காயமுற்று இடக்கை சூம்பிப்போன மறே ஹல்பேர்க் அவர்களுள் ஒருவர். பீற்றர் ஸ்னெல் மற்றொருவர். வைட்டாகெரே மலைப்பாதையில் 22 மைல் ஓட்டத்துக்கு அவர்களை அனுப்பிவிட்டு லிடியாட் நிழலில் இருக்கவில்லை. தாமும் கூட ஓடினார். எட்டு நூறு மீற்றர் ஓடுபவனுக்கு மரதன் பயிற்சி எதற்கு என்று அக்கால நிபுணர்கள் நகைத்தார்கள். 1960 செப்டெம்பர் 2ஆந் திகதி ரோமாபுரி அரங்கில் ஸ்னெல் 800 மீற்றரை 1 நிமிடம் 46.3 செக்கனில் வென்றார். ஒரு மணி நேரத்துக்குள் ஹல்பேர்க் 5000 மீற்றரை வென்றார். ஒரே நகரத்து இளைஞர்கள். ஒரே சப்பாத்துத் தொழிலாளியிடம் பயின்றவர்கள்.

இதில் இன்னொரு பகுதியும் உண்டு. ஓட்டத்தை விட்ட பின்னர் ஸ்னெல் அமெரிக்காவுக்குச் சென்று உடலியங்கியல் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். குறுந்தூர வேகக்காரனுக்கும் நெடுந்தூர ஓட்டம் ஏன் பயன்படுகிறது, நீண்ட ஓட்டத்திலே மெதுவான தசைநார்கள் களைத்த பின் விரைவான தசைநார்கள் எவ்வாறு வேலைக்கு அழைக்கப்படுகின்றன என்பவற்றை அவர் ஆராய்ந்தார். குருவின் கண்டுபிடிப்புக்குச் சீடன் காரணம் தேடினான். குரு சொன்னதால் அது சரி என்று இருந்துவிடவில்லை. குருபக்தி நிறைந்த நம் மரபிலே வளர்ந்தவர்களுக்கு இது சற்று அந்நியமாகத் தோன்றக்கூடும்.

அதே ரோமாபுரியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற வில்மா றூடோல்பையும் அவருடைய பயிற்றுநர் எட் ரெம்பிளையும் கூறாமல் அப்பாற் செல்ல முடியாது. இளம்பிள்ளை வாதத்தாற் காலில் கவசம் அணிந்து வளர்ந்த கறுப்பின ஏழைப் பெண் றூடோல்ப். நிறபேதம் சட்டமாயிருந்த தென்மாநிலங்களினூடே, உணவகங்கள் கதவடைத்த நெடுஞ்சாலைகளில், ரெம்பிள் தம் மாணவியரைக் காரில் ஏற்றிப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றார். அவர் கண்டிப்பானவர். அரை மணி நேரம் பிந்தி வந்த றூடோல்ப் நிமிடத்துக்கு ஒரு சுற்றாக முப்பது சுற்று ஓட வேண்டியிருந்தது. எனினும், பதக்கத்தைவிடப் பட்டப்படிப்பே முதன்மையானது என்பது அவருடைய கொள்கை. அவரிடம் பயின்று ஒலிம்பிக் சென்ற நாற்பது பேருள் ஏறக்குறைய எல்லோரும் பட்டம் பெற்றார்கள். கண்டிப்பு வேறு, ஆதிக்கம் வேறு என்பதற்கு இது சான்று.

இனிச் சொல்லப்போவது நம்மில் பலருக்குக் கசக்கும். சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

ஒரு கோடியே எழுபது இலட்சம் மக்கள்கூட இல்லாத கிழக்கு ஜேர்மனி, 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 40 தங்கப் பதக்கங்கள் பெற்றது. பெண்களுக்கான நீச்சற் போட்டிகள் பதின்மூன்றில் பதினொன்றை வென்றது. தொழிலாளர் அரசு விளையாட்டை மக்கள் சொத்தாக்கியதன் பலன் இது என்று இடதுசாரிகள் பலர் பெருமைகொண்டார்கள். அந்த அரசு சாதாரண குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளையும் பயிற்றுநர்களையும் இலவசமாக அளித்தது உண்மையே. ஆனால் 1974இலிருந்து '14.25' என்ற இலக்கமிட்ட இரகசிய அரசுத் திட்டமொன்று அதன் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஆண் சுரப்பினைப் போன்று செயற்படும் மாத்திரைகள், ஓறல் ருறினபோல் என்ற பெயருடையவை, வீரர்களுக்கு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டன. பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமியரும் தப்பவில்லை. பெரும்பாலும் அவற்றைக் கையிற் கொடுத்தவர் பயிற்றுநர். விற்றமின் என்று அவர் சொன்னார். பிள்ளைகள் நம்பினார்கள்.

நம்பிக்கை வேண்டும் என்று நூல்கள் சொல்கின்றன அல்லவா? இங்கே நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. வீட்டை விட்டு விடுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்றுநரே தாயும் தந்தையுமாக இருந்தார். அந்த அன்பு பொய்யென்றும் முழுதாகச் சொல்ல முடியாது. அவ்வன்பின் வழியாகவே நஞ்சு சென்றது. குரல் கரகரத்தது, ஈரல் கெட்டது, கருப்பை நோயுற்றது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இதற்கு உட்பட்டனர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. சுவர் வீழ்ந்த பின்பு வேர்னர் பிராங்கே, பிறிகிற்றே பேரெண்டொங்க் தம்பதியர் இரகசிய ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு பேர்லின் நீதிமன்றம், விளையாட்டுத்துறைத் தலைவர் மன்பிரெட் ஏவால்ட்டுக்கும் வைத்தியர் மன்பிரெட் ஹொப்னருக்கும் ஒத்திவைத்த சிறைத் தண்டனை விதித்தது.

முதலாளித்துவ நாடுகளின் கைகள் சுத்தமானவை என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. சப்பாத்து உற்பத்தியாளரான நைக்கி நிறுவனத்தின் ஓட்டப் பயிற்சித் திட்டத்தை நடத்திய அல்பேர்ட்டோ சலசார், 2019இல் ஊக்கமருந்து விதிகளை மீறியமைக்காக நான்காண்டுத் தடைக்குள்ளானார், அத்திட்டமும் மூடப்பட்டது. பார்க்லேயின் பந்தயப் பணம் அங்கே விளம்பரப் பணமாகியது. ஆனால், பந்தயம் கட்டுபவன் பிரபுவாக இல்லாமல் மக்கள் பெயரால் ஆளும் அரசாக இருந்துவிட்டால் ஓடுபவனின் உடல் தானாகவே விடுதலை பெற்றுவிடும் என்ற நமது பழைய நம்பிக்கை பொய்த்தது.

அந்த நாட்டிலும் மறுத்தவர்கள் இருந்தார்கள். துரிங்கியா மலைப்பகுதியிலே பெண்களுக்குப் பனிச்சறுக்கு ஓட்டம் பயிற்றியவர் ஹென்னர் மிசெர்ஸ்கி. அவரிடம் பயின்றவர்களுள் அவருடைய மகள் அன்ற்யேயும் ஒருவர். 1985இல் உலகப் போட்டியின் அஞ்சலோட்டத்தில் வெண்கலம் பெற்ற குழுவில் இருந்தவர். மாத்திரையைத் தம் மாணவியருக்குக் கொடுக்க மாட்டேன் என்று மிசெர்ஸ்கி மறுத்தார். அவ்வாண்டே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பதினெட்டு வயது மகளும் மாத்திரையை மறுத்தார். அவருடைய ஓட்டமும் நின்றது. சில ஆண்டுகளின் பின்னர் அவர் சறுக்கோட்டமும் துப்பாக்கி சுடுதலும் இணைந்த பயத்லன் போட்டிக்கு மாறினார். 1992ஆம் ஆண்டு அல்பேட்வில் குளிர்கால ஒலிம்பிக்கில் அப்போட்டி முதன்முறையாகப் பெண்களுக்கும் நடத்தப்பட்டது. பதினைந்து கிலோமீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் அன்ற்யே மிசெர்ஸ்கி.