சஹானா: பேரிடரில் பிறந்த மென்பொருளின் அடித்தளங்கள்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரையோரங்களைத் தாக்கியது. கிண்ணியா மருத்துவமனை சிதைந்தது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; தப்பியவர்கள் பாடசாலைகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் தஞ்சமடைந்தனர். காணாமற்போனவர் எந்த முகாமில் இருக்கிறார், எந்த முகாமுக்கு என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்ற கேள்விகள் இலங்கையின் கரையோர மாவட்டங்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் எழுந்தன. கையால் எழுதிய பட்டியல்களைக் கொண்டு இவற்றுக்கு விடை காண்பது கடினம்.

இந்தத் தேவைக்காக, லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சார்ந்த தன்னார்வ நிரலர்கள் சில வாரங்களுக்குள் எழுதியதே சஹானா. காணாமற்போனோர் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவிக் கோரிக்கை முகாமை ஆகியவை அதன் முதற்கூறுகள். அவ்வளவு விரைவாக எழுத முடிந்ததற்குக் காரணம், அடித்தளம் முழுவதும் ஏற்கெனவே இருந்ததுதான். லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி வழங்கி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி மொழி ஆகிய நான்கும் இலவசமாகக் கிடைத்தன. உரிமம் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த நான்குக்கும் மேலே, வலைச் செயலிகளுக்கான பொதுச் சட்டகங்கள் அப்போதுதான் முளைவிட்டிருந்தன. ரெயில்ஸ் 2004இலும் ஜாங்கோ, சிம்ஃபொனி ஆகியவை 2005இலும் வெளிவந்தன. எனவே 2005இல், சுவீடனின் வளர்ச்சி உதவி நிறுவனமான சிடாவின் நிதியுதவியுடன் சஹானாவைத் திருத்தி எழுதியபோது, கூறுகளைப் பிணைக்கும் சட்டகத்தைக் குழுவே அமைத்தது. அந்தப் பதிப்பு பாகிஸ்தான் நிலநடுக்கம் (2005), பிலிப்பைன்ஸ் மண்சரிவு (2006), யோக்யகர்த்தா நிலநடுக்கம் (2006) ஆகிய இடர்களில் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலனுக்காக வழங்கும் விருதும் 2006இல் அதற்குக் கிடைத்தது.

ஆனால் சொந்தச் சட்டகத்தைப் பேணுவது சிறு குழுவுக்குப் பெருஞ்சுமை. முகாம் பதிவேட்டில் ‘கொள்ளளவு’ என்று ஒரு புலத்தைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். தரவுத்தள அட்டவணை, உள்ளீட்டுப் படிவம், எண் சரியா என்ற சோதனை, பட்டியல், தேடல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் பிழை நேரும்.

2009ஐ ஒட்டி உருவான சஹானா ஈடன் இந்தச் சுமையை வேறு விதமாகத் தீர்த்தது. மசிமோ டி பியரோ சிகாகோவில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட வெப்2பை என்ற பைத்தன் சட்டகத்தை அது அடித்தளமாகக் கொண்டது. அட்டவணையை ஒருமுறை வரையறுத்தால், படிவத்தையும் சோதனையையும் அந்தச் சட்டகமே உருவாக்கிவிடும். பயனர் நுழைவும் அனுமதியும் அதிலேயே உண்டு. ஈடன் குழு அதன்மேல் இடர்ப்பணிக்கு வேண்டிய அடுக்கை மட்டும் கட்டியது. 2010 ஜனவரியில் ஹெயிட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, நிவாரண நிறுவனங்களையும் மருத்துவமனைகளையும் பதிவுசெய்ய இந்தப் புதிய மென்பொருளே களமிறங்கியது. பழைய சஹானாவின் பிஎச்பி மரபில் வந்த அகஸ்தி என்ற பதிப்பும் பின்னர் சிம்ஃபொனியின் மேல் எழுதப்பட்டது.

மறுபயன்பாட்டுக்கு விலையும் உண்டு. அடித்தளம் மாறினால் மேலே உள்ளதும் மாற வேண்டும். பைத்தன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தபோது, அதை நம்பியிருந்த மென்பொருள்கள் எல்லாம் பைத்தன் 3க்கு இடம்பெயர நேர்ந்தது. உரிமங்களும் ஒத்துப்போக வேண்டும். பழைய சஹானா எல்ஜிபிஎல் உரிமத்திலும் ஈடன் எம்ஐடி உரிமத்திலும் வெளியாயின. ஒன்றின் நிரலை மற்றதில் சேர்ப்பதற்கு முன் இதைக் கவனித்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் சஹானாவின் வரலாறு மறுபயன்பாட்டின் பக்கமே நிற்கிறது. படிவமும் பயனர் நுழைவும் எல்லா மென்பொருளுக்கும் பொதுவானவை. அவற்றைப் பிறர் பேணும் சட்டகத்திடம் விடலாம். முகாம்களையும் காணாமற்போனோரையும் எப்படிப் பதிவது என்பது இடரைக் கண்டவர்களுக்கே தெரியும். திறமூலக் குழு தன் உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் அதுவே.