வெண்மணி: ஆளா, அமைப்பா?

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். தலித் கூலிக் குடும்பத்தினர்; பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அந்தத் தீயை இரண்டு இடங்களில் விசாரித்தார்கள். "கொளுத்தியவர் யார்?" என்றது நீதிமன்றம். கிழக்குத் தஞ்சையில் கூலித் தகராறு ஏன் ஓயவில்லை என்று பார்த்தது அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையம். சமூகத்தை ஆளை வைத்து விளக்குவதா, அமைப்பை வைத்தா என்ற பழைய வழக்குதான் இது.

அமைப்பின் பக்கம் சரக்கு அதிகம். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 நெல் ரகம் வந்து குறுவை மகசூல் கூடியது. ஐப்பசி மழைக்கு முன் கதிரைக் களம் சேர்த்தாக வேண்டும். அந்த அவசரத்தில் அறுப்பு ஆட்களின் பேச்சுக்கு மதிப்பு வந்தது. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் கட்டி, வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். இதுவரை யாருடைய குணத்தையும் ஆராய வேண்டிய தேவை இல்லை.

நாற்பதுகளில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் நட்ட செங்கொடியும் அப்படித்தான். கன்னடம் பேசும் வீட்டில் பிறந்த அந்த மனிதர் இல்லாமல் சாட்டையடியும் சாணிப்பால் புகட்டும் தண்டனையும் அவ்வளவு சீக்கிரம் ஒழிந்திருக்காது. ஆனாலும் பெரும் பண்ணைகளும் தலித் பண்ணையாட்களும் நிறைந்த கிழக்கில் வேர்விட்ட அளவுக்கு அந்தக் கொடி மேற்கில் விடவில்லை.

அப்படியானால் ஆள் கணக்கில் இல்லையா? கூலித் தகராறு கிழக்கு டெல்டா முழுக்க இருந்தது. 44 பேர் எரிந்தது வெண்மணியில் மட்டும். தகராறு எங்கே முற்றும் என்று அமைப்பு சொல்லும். அன்றிரவு தீக்குச்சியைக் கிழித்த கை எது என்று சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டிய இடம் கோர்ட். சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரைக் கீழ்க்கோர்ட் தண்டித்தது, ஐகோர்ட் விடுவித்தது. எல்லோரும் வசதியான மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள்கூட உண்டு. ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது ஐகோர்ட் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆளைத் தேடிப் போன கோர்ட் கடைசியில் வர்க்கத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றியது, அதுவும் எதிரிகள் தரப்பில்!

அமைப்பைப் பார்த்தவர்கள் பக்கம் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வெண்மணி எரிந்த அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொலையான வழக்கில் கூலிக்காரர்கள் தண்டனை பெற்றார்கள். அங்கே மட்டும் ஆளைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை.