நாலு அங்குலம்

ஒஹாயோவில், கொலம்பஸுக்கும் கிளீவ்லாந்துக்கும் நடுவில், லெக்ஸிங்டன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மிட்-ஒஹாயோ கார் பந்தயத் தளம் அங்கேதான். வருஷா வருஷம் ஜூலை மாசத்தில் மூணு நாள் கார்களை ஓரங்கட்டிவிட்டு, இடம் மொத்தத்தையும் பழைய மோட்டார் சைக்கிள்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் தார் ரோட்டுப் பந்தயம், ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உதிரிபாகச் சந்தை. இதெல்லாம் தாண்டி உள்ளே நடந்தால் புல்மேட்டில் மோட்டோகிராஸ், அதாவது மண் பந்தயம். நான் போனது அதைப் பார்க்கத்தான்.

முதல்ல வந்தது வாசனை. டூ-ஸ்ட்ரோக் புகை நமக்குப் புதுசு இல்லை. பெட்ரோல் பங்க்கில் ஆயில் கலந்து வாங்கின தலைமுறைக்கு அது பழகின விஷயம். ஆனா இது அந்தப் புகை இல்லை, கொஞ்சம் இனிப்பா, கருகின வெல்லம் மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். விளக்கெண்ணெயாம்! கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டுப் பிரியாமல் படலமா ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். பெட்ரோலோடு லேசில் கலக்காது, கலந்து வைத்தாலும் பிரிந்துவிடும், எஞ்சினுக்குள்ளே பிசின் மாதிரி படியும். இருந்தும் இங்கே சிலர் விடுவதாக இல்லை. பாதி காரணம் எஞ்சின், பாதி காரணம் வாசனைதான் என்று அவரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். உலகத்திலேயே அதிகமா ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான் என்பதை அவரிடம் சொன்னேன். பெரிசா கண்டுகொள்ளவில்லை.

அடுத்து கண்ணில் பட்டது ஒரு அளவு டேப். ஒரு கூடாரத்தில் ஒருத்தர் பைக்கின் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் அச்சுக்கும் மட்காடுக்கும் நடுவில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார். இந்தக் கட்டுரை முழுக்க அந்த டேப்பைப் பற்றித்தான்.

பழைய பைக் பந்தயம் என்றால் எது பழசு? அமெரிக்காவில் இதை நடத்தும் முக்கியமான அமைப்பு ஏ.எச்.ஆர்.எம்.ஏ. அதன் 'வின்டேஜ்' மோட்டோகிராஸ் பிரிவுகளின் எல்லை சுமாராக 1974. ஆனா வருஷத்தை மட்டும் அவர்கள் நம்புவதில்லை. சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. முன் சக்கரத்துக்கு 7 அங்குலம், பின் சக்கரத்துக்கு 4 அங்குலம். அதுக்கு மேல் போனால் நீங்கள் வேற வகுப்பு. கம்ப்யூட்டர் காலத்தில் ஒரு சகாப்தத்தை அங்குலக் கணக்கில் காவல் காக்கிறார்களே என்று எனக்கு முதலில் வேடிக்கையாத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த நாலு அங்குலத்துக்குள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று புரிந்தது.

இந்த விளையாட்டு பிறந்தது இங்கிலாந்தில், 1924 மார்ச்சில், லண்டனுக்குத் தென்மேற்கே கேம்பர்லியின் புதர்க்காட்டில். வடக்கே யார்க்‌ஷயரில் 'ஸ்காட் ட்ரயல்' என்று ஒரு போட்டி உண்டு. அதில் வேகமும் பார்ப்பார்கள், கரடுமுரடான இடங்களில் காலை ஊன்றாமல் ஓட்டுகிறாரா என்றும் பார்ப்பார்கள். தெற்கத்திக்காரர்கள், காலை ஊன்றும் கணக்கெல்லாம் எதுக்கு, யார் முதலில் வருகிறாரோ அவர் ஜெயித்தார் என்று வைப்போமே என்றார்கள். அப்படியானால் அதை 'ட்ரயல்' என்று கூப்பிடக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. அடிச்சுப் புடிச்சு ஓடப்போகிறோம், 'ஸ்கிராம்பிள்' என்றே வையுங்கள் என்றார் ஒருத்தர். பெயர் நின்றுவிட்டது. கிளம்பின 80 பேரில் பாதிப் பேர்தான் முடித்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கையில் அது 'மோட்டோகிராஸ்' ஆனது. 1957-ல் 500 சி.சி.க்கு உலகப் பட்டம் வந்தது. முதல் பட்டத்தை வாங்கினவர் சுவீடன்காரர் பில் நில்சன்.

ஆரம்ப காலத்தில் பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. சட்டத்தோடு சேர்த்து இறுக்கின சக்கரம், சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் கம்பி, அவ்வளவுதான். இங்கே நம்ம ஊர் ஆள் ஒருத்தர் கதைக்குள் வருகிறார். 1948 பிப்ரவரியில் கோல்மோர் கோப்பை ட்ரயலுக்கு ராயல் என்ஃபீல்டு கம்பெனி புது புல்லட்டைக் கொண்டு வந்தது. பின்னால் ஸ்விங் ஆர்ம், இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். பின் சக்கரம் இப்படி ஆடினால் மண்ணில் பிடிமானம் போய்விடும் என்பதுதான் அன்றைய பண்டிதர்களின் முடிவு. அதே வருஷம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டின இரண்டு பேர் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்கள். அதற்கு மேல் பண்டிதர்கள் பேசவில்லை. 1955-க்குப் பிறகு சென்னையில் தயாராகி, போலீஸ்காரரையும் பால்காரரையும் சுமந்த அந்த வண்டியின் பின்பக்கம், ஒரு காலத்தில் பெரிய புரட்சி.

சரி, பந்தயத்துக்கு வருவோம். வேடிக்கை பார்க்கிறவனுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இன்றைய மோட்டோகிராஸில் பைக் பாதி நேரம் ஆகாயத்தில்தான் இருக்கும். ஹெல்மெட்டைத் தவிர மனுஷன் கண்ணில் படமாட்டான். இங்கே சக்கரம் பெரும்பாலும் தரையிலேயே இருக்கிறது. இயற்கையான மேடு, இறக்கம், ஈரமான திருப்பம், அவ்வளவுதான் பாதை. நாலு அங்குலத்தை வைத்துக்கொண்டு பெரிய மேட்டில் எகிறினால் இடுப்பு போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஓட்டுகிறவர் யோசிப்பதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். எந்தக் குழியைத் தவிர்க்கிறார், எங்கே எழுந்து நிற்கிறார், முழங்காலை எப்படி ஷாக் அப்சார்பராக ஆக்கிக்கொள்கிறார் எல்லாம் தெரிகிறது. 50-க்கு மேல், 60-க்கு மேல், 70-க்கு மேல் என்று வயசு வகுப்புகளும் உண்டு. தாத்தாக்கள் மெதுவாத்தான் போவார்கள் என்று நினைத்தேன். தப்பு.

கூடாரங்களுக்கு நடுவில் நடந்தால் பனிப்போர் கால ஐரோப்பா வரிசையா நிற்கிறது. சுவீடனின் ஹஸ்க்வர்னா, மேற்கு ஜெர்மனியின் மைக்கோ, ஸ்பெயினின் புல்டாகோ, இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. எனக்குக் கால் நின்ற இடம் செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். 1960-களின் 250 சி.சி. மாடல். ஒரே சிலிண்டர், அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு சைலன்ஸர். ஜாவாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த முகஜாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைசூரில் 1961-லிருந்து ஜாவாவையும் பிறகு எஸ்டியையும் செய்த ஐடியல் ஜாவாவுக்குத் தொழில்நுட்பம் வந்த அதே நாடு. ஜாவாவும் சி.இசட்.டும் ஒரே அரசு உடைமைக் குடும்பத்துப் பிள்ளைகள். அண்ணன் மைசூருக்கு வந்து குடும்பஸ்தனானான், தம்பி மண்ணில் இறங்கிச் சண்டைக்குப் போனான்.

நல்ல சண்டை அது. 1964-ல் ஜோயல் ரோபேர் என்ற 20 வயசு பெல்ஜியப் பையன் சி.இசட்.டில் 250 சி.சி. உலகப் பட்டம் வாங்கினான். 1965-ல் அதே பட்டம், அதே வண்டி, ஓட்டினவர் சோவியத்தின் விக்தர் அர்பேகவ். 500 சி.சி.யில் அதுவரை கனமான ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் ராஜ்ஜியம்தான். 1966-ல் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் சி.இசட்.டில் வந்து அதையும் முடித்து வைத்தார். 1967, 1968-லும் அவர்தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், உலக சாம்பியன் ஓட்டினதற்கு ரொம்பவே நெருக்கமான வண்டியை ஒரு சாதாரண ஆள் கடையில் வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஓட்ட முடிந்தது என்பது. அமெரிக்காவில் மோட்டோகிராஸ் பைத்தியம் பிடித்ததே இந்தச் சமயத்தில்தான். சான் டியகோவைச் சேர்ந்த எடிசன் டை என்ற இறக்குமதியாளர் 1966-ல் சுவீடன் சாம்பியன் டோர்ஸ்டன் ஹால்மனை ஒரு ஹஸ்க்வர்னாவோடு கூட்டிவந்தார். ஹால்மன் உள்ளூர்க்காரர்களை நிற்க வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஜப்பான் வந்தது. ரோபேரையே சுசுகி எடுத்துக்கொண்டது. 1970, 71, 72 மூணு பட்டமும் சுசுகிக்கு. ஆனா அந்த நாலு அங்குலக் கோட்டைப் போட்டது சுசுகி இல்லை, யமஹா. லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் பின்னால் இருந்த இரண்டு ஷாக்கையும் தூக்கிவிட்டு, பெட்ரோல் டேங்குக்கு அடியில் நீளமா ஒரே ஒரு ஷாக்கைப் படுக்கப்போட்டார். யமஹா அதை வாங்கியது. 1973-ல் ஹாக்கன் ஆண்டர்சன் அந்த வண்டியில் 250 சி.சி. உலகப் பட்டம் வாங்கினார். 1975-ல் அதே ஏற்பாடு கடைக்கே வந்துவிட்டது. மற்ற கம்பெனிகள் அவசர அவசரமா ஷாக்குகளை முன்னால் நகர்த்தி, சாய்த்து வைத்துப் பார்த்தன. 1980-களின் தொடக்கத்தில் பின் சக்கரம் 12 அங்குலம் ஆடியது. 1973-ல் காசு கொடுத்து வாங்கின புது பைக், இரண்டே வருஷத்தில் பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற சாமான் ஆகிவிட்டது.

அந்த இரண்டு வருஷத்துக்கு நடுவில்தான் 1974 இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வோலன் என்ற ஊரில் 250 சி.சி. பட்டத்தின் கடைசிச் சுற்று. பட்டம் செக்கோஸ்லோவாக்கியாவின் யாரோஸ்லாவ் ஃபால்டாவுக்கா, சோவியத்தின் கென்னடி மொய்செயெவுக்கா என்ற நிலை. ஃபால்டாவின் வண்டி சி.இசட். மொய்செயெவின் வண்டி ஆஸ்திரியாவின் கே.டி.எம். சோவியத் ஓட்டுநர்கள் இரண்டு பேர் ஃபால்டாவை வழிமறித்துக் கீழே தள்ளப் பார்த்தார்கள் என்பது அங்கே இருந்தவர்கள் சொன்னது. விழுந்தவர் எழுந்து ஓட்டி முடித்தார். சாம்பியன் என்று கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. சில மணி நேரம் கழித்து ஒரு புகார் வந்தது, தொடக்கத்தில் ஃபால்டா முந்திக்கொண்டு நகர்ந்துவிட்டாராம். ஒரு நிமிஷம் அபராதம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பட்டம் மொய்செயெவுக்கு. கே.டி.எம்.முக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. செக் மக்கள் இதை வெறும் பைக் பந்தயமாகப் பார்த்திருப்பார்களா? சி.இசட்.டுக்கு அப்புறம் மோட்டோகிராஸ் உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை.

ஃபால்டாவைத் தோற்கடித்தது அந்த ஒரு நிமிஷம்தான். ஆனா சி.இசட்.டை முடித்து வைத்தது அந்த நிமிஷம் இல்லை, டேங்குக்கு அடியில் படுத்திருந்த அந்த ஒற்றை ஷாக். இதைத்தான் பலரும் கலந்துகட்டிச் சொல்கிறார்கள். வோலனில் நியாயம் கிடைத்திருந்தாலும் 1976-ல் அந்த வண்டி பின்வரிசைக்குத்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

மதியம் அந்த அளவு டேப் கூடாரத்துக்கே திரும்பிப் போனேன். வண்டிக்காரருக்கு எழுபது இருக்கும். 1973 மாடல் ஒன்றை வைத்திருந்தார். "இங்கே தடவிப் பாருங்க" என்று சட்டத்தின் மேல்பக்கம் என் விரலைப் பிடித்து வைத்தார். பெயின்ட்டுக்கு அடியில் இரண்டு இடத்தில் மேடு தட்டியது. வெல்டிங் தழும்பு. 1975 வாக்கில் ஊர் ஊராகப் பையன்கள் இதைத்தான் செய்தார்களாம். புது பைக் வாங்கக் காசு இல்லாததால் பழைய சட்டத்தில் ஷாக் மாட்டும் காதுகளை அறுத்து, முன்னால் தள்ளிப் பற்றவைத்து, இரண்டு மூணு அங்குலம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இப்போ இவர் அதே காதுகளை மறுபடி அறுத்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்து பற்றவைத்திருக்கிறார். இல்லையென்றால் நாலு அங்குலம் தாண்டிவிடும், வகுப்பு மாறிவிடும்.

பழமையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஒரு பழைய தடயத்தை அழித்துவிட்டாரே என்று எனக்கு மனசுக்குள் உறுத்தியது. ஓடுகிற வண்டியா, ஆவணமா என்ற சண்டை அருங்காட்சியகக்காரர்களுக்குப் பழசுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் தழும்பு பத்திரமா இருக்கும், விளக்கெண்ணெய் வாசனைதான் இருக்காது. நான் பொதுவா பெட்டிக் கட்சி. அன்றைக்கு ஏனோ அவ்வளவு உறுதியா இல்லை.

வெட்டினது யார் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"நான்தான். அப்போ எனக்குப் பத்தொன்பது வயசு" என்றார்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை கிக்கரை உதைத்தார். மூணாவதில் பிடித்தது. 70-க்கு மேற்பட்டவர்களின் இரண்டாவது சுற்றுக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.