கறுப்பு அவரை, வெள்ளை அவரை

பதினான்காம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே இடத்தில்தான் திருமுழுக்கு. எட்டுப்பட்டை வடிவில் கட்டிய புனித யோவான் திருமுழுக்கு ஆலயம் அது. வட்டிக்கடை முதலாளி வீட்டுப் பிள்ளையும், கம்பளிக்குச் சாயம் தோய்க்கும் கூலிக்காரரின் பிள்ளையும் அங்கேதான் வந்தாக வேண்டும். கவிஞர் தாந்தே திருமுழுக்குப் பெற்றதும் அங்கேதான்.

அந்த ஆலயத்தின் குரு பிள்ளைகளின் கணக்கை வைக்க எளிய வழி ஒன்றைக் கையாண்டார். ஆண் குழந்தை வந்தால் ஒரு கறுப்பு அவரைக்கொட்டை. பெண் குழந்தை என்றால் வெள்ளைக்கொட்டை. கொட்டைகளை எண்ணினால் ஊரில் பிறந்த பிள்ளைகளின் தொகை தெரிந்துவிடும். அந்த ஊர் வணிகரும் வரலாறு எழுதியவருமான ஜொவான்னி வில்லானி இதைக் குறித்து வைத்திருக்கிறார். 1338ஆம் ஆண்டை ஒட்டி அவர் தரும் கணக்கு இது: ஆண்டுக்கு 5,500 முதல் 6,000 குழந்தைகள், அவர்களில் பெண்களைவிட ஆண்கள் 300 முதல் 500 வரை கூடுதல்.

இந்தக் கடைசி எண்ணைப் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அந்த விகிதப்படி பார்த்தால், இவ்வளவு பெரிய ஊரில் ஆண்டுக்குச் சுமார் 140 ஆண் பிள்ளைகள்தான் கூடுதலாக இருக்க வேண்டும். வில்லானியின் எண்கள் தோராயமானவை என்பது உண்மை. ஆனாலும், வரவேண்டிய வெள்ளைக்கொட்டைகளில் சில வராமலே போயினவோ என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கிறிஸ்தவ சமயம் குழந்தைகளை ஆசீர்வதித்து வரவேற்ற வரலாற்றை எழுத உட்கார்ந்தால் இந்தக் கேள்வியை ஒதுக்க வழியில்லை. வேண்டிப் பெற்ற பிள்ளையை வரவேற்பது எந்த ஊரிலும் நடக்கும். யாரும் கேட்காத பிள்ளை வந்தபோது என்ன நடந்தது என்பதில்தான் இந்த வரலாறு இருக்கிறது.

தொடக்கம் நற்செய்தியிலேயே இருக்கிறது. இயேசு தொட வேண்டும் என்று சிலர் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். சீடர்கள் அதட்டி விரட்டினார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால், அதைக் கண்டு இயேசு கோபப்பட்டார் என்று எழுதியவர் மாற்கு ஒருவர்தான். பிள்ளைகளை அவர் அணைத்துக்கொண்டதைச் சொல்வதும் மாற்குதான். பிறகு கைகளை வைத்து ஆசீர்வதித்தார். முதலில் தடுத்தவர்கள் வெளியாட்கள் அல்லர், கூடவே இருந்த சீடர்கள். திருச்சபையின் பின்னாளைய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளை உள்ளே விடுவதா வேண்டாமா என்ற வழக்கு அங்கேயும் பல முறை உள்ளிருந்தவர்களிடமிருந்தே கிளம்பியது.

அன்றைய உலகம் எப்படிப்பட்டது என்பதற்கு எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பை மேடுகளில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் கடிதம் போதும். கி.மு. 1ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹிலாரியோன் என்ற தொழிலாளி பிழைப்புக்காக அலெக்சாந்திரியா போயிருக்கிறார். ஊரில் மனைவி ஆலிஸ் நிறைமாதம். கூட வந்தவர்கள் திரும்பினாலும் நான் இங்கே தங்கினால் கவலைப்படாதே, சின்னவனைப் பார்த்துக்கொள், கூலி கிடைத்ததும் அனுப்புகிறேன் என்று எழுதுகிறார். அதே மூச்சில், பிறப்பது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு என்கிறார். அடுத்த வரியிலேயே, என்னை மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பினாயே, உன்னை எப்படி மறப்பேன் என்று உருகுகிறார்.

கொடியவர் எழுதிய கடிதம் அல்ல இது. மனைவி மேல் பாசம் உள்ள ஒரு சாதாரணக் கூலிக்காரர் எழுதியது. அதனால்தான் நெஞ்சை அறுக்கிறது. அன்றைய கிரேக்க, ரோமானிய உலகில் பிறந்த பிள்ளையை வெளியே போடுவது குற்றமாக எண்ணப்படவில்லை. யூதர்கள் அதைப் பாவம் என்று ஒதுக்கினார்கள். அவர்களிடமிருந்து பிறந்த கிறிஸ்தவமும் அதே வழியில் நின்றது. மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடான திதக்கே, பிறந்த குழந்தையைக் கொல்லக் கூடாது என்று வெளிப்படையாகவே கட்டளையிடுகிறது.

கொல்லாமல் இருப்பது வேறு, கையில் எடுத்து முத்தமிடுவது வேறு. அந்த இரண்டாவது காரியத்துக்கு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக்குப் போக வேண்டும். கி.பி. 200 வாக்கில் அங்கே வாழ்ந்த தெர்த்துல்லியன், குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுக்க அவசரப்பட வேண்டாம் என்று எழுதினார். விவரம் தெரிந்து கேட்கும் வயது வரட்டும் என்பது அவர் கருத்து. பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானப்பெற்றோர் அதை நிறைவேற்ற முடியாமல் இறந்துபோகலாம் என்றும் கவலைப்பட்டார். பொறுப்பை உணர்ந்தவர் பேசும் பேச்சு அது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. அதே நகரத்தின் ஆயராக இருந்தவர் சிப்ரியான். கொள்ளைநோய் ஊரைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். ஃபிதுஸ் என்ற ஆயர் அவரிடம் கருத்துக் கேட்டார். விருத்தசேதனத்தைப் போலத் திருமுழுக்கையும் எட்டாம் நாள் வரை தள்ளி வைக்கலாமே என்பது அவர் எண்ணம். அதோடு மனசில் இருந்ததையும் மறைக்காமல் சொன்னார். திருமுழுக்குப் பெற்றவருக்குச் சமாதான முத்தம் கொடுப்பது வழக்கம். பிறந்து ஓரிரு நாளே ஆன சிசுவை முத்தமிடக் கூச்சமாக இருக்கிறது, தூய்மையாக இல்லாததுபோல் தோன்றுகிறது என்றார். பிள்ளை பெற்ற வீட்டைத் தீட்டு என்று விலக்கி வைத்த குடும்பங்களில் வளர்ந்த நமக்கு அவருடைய தயக்கம் புரியாமல் போகாது.

கி.பி. 253ஐ ஒட்டி 66 ஆயர்கள் கூடி இதை ஆராய்ந்தார்கள். ஃபிதுஸின் பக்கம் ஒருவர்கூட நிற்கவில்லை. பிறந்த எவருக்கும் கடவுளின் இரக்கத்தை மறுக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். முடிவைத் தெரிவித்த கடிதத்தில் அந்தக் கூச்சத்துக்கும் சிப்ரியான் விடை எழுதினார். அந்தச் சிசுவை முத்தமிடும்போது, அதை இப்போதுதான் உருவாக்கி முடித்த கடவுளின் கைகளை முத்தமிடுகிறோம் என்று நினைக்க வேண்டும் என்பது அதன் சாரம். திருச்சபைச் சங்கங்களின் தீர்மானங்களில் எத்தனையோ வாசித்திருக்கிறேன். சட்டப் பேச்சுக்கு நடுவே இவ்வளவு பரிவு வெளிப்பட்ட இடம் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

கூச்சம் போனது. பொறுப்பு யாருடையது? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தினார் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து, பெற்றவர்கள் போட்டுவிட்டுப் போன சிசுக்களைச் சில இடங்களில் துறவுக் கன்னியர் எடுத்துவந்து திருமுழுக்குக்குக் கொடுத்தார்கள் என்று தெரிகிறது. 442இல் இன்றைய பிரான்சின் வேசோன் நகரில் கூடிய சங்கத்துக்கு வேறொரு தலைவலி. பிள்ளையை எடுத்து வளர்த்தவர்கள் மேல் பின்னால் உரிமை கேட்டு வழக்கு வந்ததால், எடுக்கவே மக்கள் பயந்தார்கள். பிள்ளைகள் நாய்களுக்கு இரையாயின. ஆகவே சங்கம் ஒரு வழிமுறை வகுத்தது: எடுத்தவர் ஆலயத்தில் தெரிவிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்திலிருந்து அறிவிக்கப்படும், உரிமை கோர பத்து நாள் தவணை. அதற்குப் பிறகு வந்து வழக்காடினால் தண்டனை. 787இல் மிலான் நகரில் ததேயுஸ் என்ற குரு இத்தகைய குழந்தைகளுக்கென்றே ஒரு இல்லம் நிறுவினார்.

இனி ஃபுளோரன்ஸுக்குத் திரும்பலாம். பிராத்தோ நகரத்துப் பெரும் வணிகர் பிரான்செஸ்கோ தத்தீனி 1410இல் இறந்தபோது, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு இல்லம் அமைக்க 1,000 புளோரின் பொற்காசுகள் எழுதி வைத்திருந்தார். பட்டு நெசவாளர், வணிகர் சங்கம் வேலையை ஏற்று 1419இல் கட்டத் தொடங்கியது. கட்டடக்கலைஞர், பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை எழுப்பிய புருனெல்லெஸ்கியேதான். ஏரோது பெத்லகேமில் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் பெயரையே இல்லத்துக்கு வைத்தார்கள். 1445 ஜனவரியில் திறந்தார்கள். பிப்ரவரி 5ஆம் தேதி முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அன்று புனித அகதாவின் திருநாள் என்பதால் அகதா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள்.

தாழ்வாரத்தில் ஒரு கல்தொட்டி இருந்தது. பிள்ளையை அதில் வைத்துவிட்டுப் போய்விடலாம். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. 1660 முதல் அங்கே கம்பி போட்ட சன்னல் வந்தது. பச்சைக்குழந்தை மட்டுமே நுழையக்கூடிய இடைவெளிதான் கம்பிகளுக்கு நடுவே. உள்ளே எடுத்ததும் எழுத்தர் பேரேட்டில் பதிவார்: வந்த நேரம், சுற்றியிருந்த துணி, கூட இருந்த சீட்டு அல்லது அடையாளம். சில தாய்மார் ஒரு நாணயத்தையோ பதக்கத்தையோ பாதியாக வெட்டி ஒரு பாதியைப் பிள்ளையின் மேல் கட்டி அனுப்பினார்கள். என்றாவது திரும்பி வந்தால் மறுபாதியைக் காட்டி மீட்கலாம் அல்லவா? அந்தப் பாதி நாணயங்கள் பல இன்றும் அந்த இல்லத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை அங்கே இருப்பதன் பொருள், மறுபாதி வந்து சேரவில்லை என்பதே.

வந்த பிள்ளைகளில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். தொடக்க ஆண்டுகளில் பலர், பணக்கார வீடுகளில் வேலை செய்த அடிமைப் பெண்களுக்குப் பிறந்தவர்கள். தந்தை யார் என்பதைப் பெரும்பாலும் சொல்ல வேண்டிய தேவை இல்லை. பாலூட்டும் செவிலித்தாய்களுக்குக் கூலி கொடுத்துக் கிராமங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். கூலிக்குப் பணம் பல சமயம் தட்டுப்பாடானது. பெருந்தொகையான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. இதை மறைத்துவிட்டு இல்லத்தின் புகழை மட்டும் பாடுவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி. ஆனால் இறந்தவர்களுக்கும் பெயர் இருந்தது, திருமுழுக்கு இருந்தது, பேரேட்டில் ஒரு பக்கம் இருந்தது. ஹிலாரியோனின் ஊரில் வெளியே போடப்பட்ட பெண் குழந்தைகளுக்கு இவற்றில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

1487இல் அந்திரேயா தெல்லா ரோபியா இல்லத்தின் முகப்பு வளைவுகளுக்கு மேலே வட்டவட்டமான சுடுமண் சிற்பங்களைப் பதித்தார். நீல மெருகுப் பின்னணியில் வெள்ளைக் குழந்தைகள். இடுப்பிலிருந்து கால்வரை துணி இறுகச் சுற்றியிருக்கிறது. ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு அந்தச் சுற்றுத்துணி அவிழ்ந்து சரிகிறது. கைகள் மட்டும் இரு பக்கமும் விரிந்திருக்கின்றன, தூக்கிக்கொள்ளச் சொல்வதுபோல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் சின்னத்தில் இருப்பது இவற்றில் ஒரு குழந்தைதான்.

அந்தச் சன்னலை 1875இல் மூடினார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது வைத்த தொட்டிலும், ஃபுளோரன்ஸ் தாழ்வாரத்துக் கல்தொட்டியும் ஒரே வேதனைக்கு மனிதர்கள் கண்ட மருந்துகள். நடுவே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தும் வெள்ளைக்கொட்டையின் கணக்கு நேராகவில்லை.

ஃபுளோரன்ஸ் இல்லம் இன்றும் இயங்குகிறது. மழலையர் காப்பகங்களும் தாய்சேய் விடுதிகளும் நடத்துகிறது. யுனிசெப் தன் ஆய்வு மையத்தை 1988இல் அங்கேதான் அமைத்தது. இத்தாலியில் மாசில்லாதவர் என்ற அந்த இல்லத்தின் பெயரையொட்டிய இன்னொசெந்தி, நொசெந்தினி என்ற குடும்பப் பெயர்களோடு வாழும் பலரின் முன்னோர் அந்தத் தொட்டியில் வைக்கப்பட்ட பிள்ளைகளே.

கார்த்தேஜில் 66 ஆயர்கள் ஒரே குரலில் முடித்து வைத்த வழக்கு மட்டும் முடியவில்லை. தெர்த்துல்லியன் கேட்ட கேள்வி 1,300 ஆண்டுகள் கழித்து ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே மறுபடி எழுந்தது. விவரம் தெரியாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம் என்று சில பெற்றோர் மறுத்தார்கள். எட்டு நாளுக்குள் கொடுக்காவிட்டால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று 1525 ஜனவரியில் சூரிக் நகர மன்றம் ஆணையிட்டது. நம் ஊர் பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே சபைகளில் இன்று சிசு ஞானஸ்நானத்துக்குப் பதிலாக நடக்கும் குழந்தைப் பிரதிஷ்டையைப் புரிந்துகொள்ள அந்தச் சண்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த வாரம் சூரிக்குக்குப் போவோம்.