காட்டில் மூன்று இரவு, கடற்கரையில் நான்கு

கென்யாவுக்குப் போகும் சுற்றுலாப் பயணியின் கையில் கொடுக்கப்படும் தாளில் எல்லாமே மணிக்கணக்குப்படி இருக்கும். விடிகாலை ஆறுக்கு வேனில் காட்டுக்குள் போக வேண்டும், ஒன்பதுக்கு விடுதியில் சிற்றுண்டி, நாலு மணிக்கு மறுபடியும் காடு. மூன்று நாள் இப்படிப் போனால் நாலாம் நாள் மதியம் மொம்பாசா கடற்கரையில் இளநீர். சிங்கமும் கடலும் ஒரே கட்டணத்தில் வரும். ஐரோப்பாவிலிருந்து, முக்கியமாக ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும், 1960களில் வாடகை விமானங்கள் மொம்பாசாவுக்கு வரத் தொடங்கிய காலத்தில் சூடுபிடித்த வியாபாரம் இது.

இந்த வியாபாரத்தின் ஒவ்வொரு திருப்பமும் எவருடைய திட்டத்திலும் இல்லாத ஒன்றால் நேர்ந்தது. அப்படி நேர்ந்ததெல்லாம் விருந்தாளியின் சாகசக் கதையாக எழுதப்பட்டுவிட்டது. அதற்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கதைகளில் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

மொம்பாசாவிலிருந்து வோய், சாவோ வழியாக நைரோபி போகும் பாதை பயணிகளுக்காகப் போடப்பட்டதல்ல. விக்டோரியா ஏரியையும் உகாண்டாவையும் பிடியில் வைத்துக்கொள்ள 1896இல் பிரிட்டிஷ் அரசு ரயில் பாதை போட ஆரம்பித்தது. 1899இல் அது நைரோபியைத் தொட்டது. அப்போது நைரோபி வெறும் சதுப்பு நிலம். சரக்குகளை இறக்கிவைக்க ஒரு முகாம், அவ்வளவுதான். 1901இல் ஏரிக்கரை வந்தது. லண்டனில் இதைப் பைத்தியக்கார ரயில் என்று கேலி செய்தார்கள். வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 32,000 இந்தியக் கூலிகள். பெரும்பாலோர் பஞ்சாபிகள், கராச்சியில் கப்பலேறியவர்கள். கராச்சியில் பிறந்த அலிபாய் முல்லா ஜீவன்ஜி என்ற ஒப்பந்தக்காரர் ஆட்களையும் அவர்களுக்கான பொருள்களையும் அனுப்பிவைத்தார். சுமார் 2,500 பேர் வேலையிலேயே இறந்தார்கள். போட்ட பாதையோடு கணக்குப் பார்த்தால் மைலுக்கு நாலு உயிர். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கியவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்.

இந்த 2,500 பேரில் உலகம் நினைவில் வைத்திருப்பது சிங்கத்துக்கு இரையான சிலரை மட்டும்தான்.

1898 மார்ச்சில் சாவோ ஆற்றுப் பாலத்தைக் கட்ட ஜான் ஹென்றி பாட்டர்சன் வந்து சேர்ந்தார். அதே சமயத்தில் பிடரிமயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் இரவில் கூலிகளின் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தன. முள்வேலி போட்டார்கள், இரவு முழுக்க நெருப்பு எரித்தார்கள், தகரத்தைத் தட்டினார்கள். எதற்கும் சிங்கங்கள் மசியவில்லை. டிசம்பர் முதல் நாள் கூலிகளின் பொறுமை போய்விட்டது. வந்த ரயிலை நிறுத்துவதற்காகத் தண்டவாளத்தில் படுத்தார்கள். நின்ற ரயிலில் மூட்டை முடிச்சோடு ஏறிக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். பாலம் வேலை ஏறக்குறைய மூன்று வாரம் நின்றது. கூலிக்காரர்கள் பயந்து ஓடினார்கள் என்றுதான் இதைப் புத்தகங்கள் சொல்கின்றன. இதை வேலைநிறுத்தம் என்று சொல்வதே நியாயம். உயிருக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் வேலை செய்ய மாட்டோம் என்று சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே வழி அது.

பாட்டர்சன் பரண் கட்டி உட்கார்ந்து டிசம்பர் 9ஆம் தேதி ஒன்றையும் 29ஆம் தேதி மற்றதையும் சுட்டார். 1907இல் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றார். இரண்டு தோல்களும் அவர் வீட்டுத் தரைவிரிப்பாகக் கால் நூற்றாண்டு கிடந்தன. 1924இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் 5,000 டாலர் கொடுத்து அவற்றை வாங்கி, பஞ்சடைத்து நிறுத்தியது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில்தான் குழப்பம். முதலில் இந்தியக் கூலிகள் 28 பேர் என்றார் பாட்டர்சன். கூடவே இறந்த ஆப்பிரிக்கர்களை யாரும் எண்ணிவைக்கவில்லை. பின்னாளில் 135 என்று ஏற்றிச் சொன்னார். 2009இல் அந்தச் சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்கள் சுமார் 35 பேரைத் தின்றிருக்கலாம் என்று கணித்தார்கள். 2024இல் வெளியான இன்னொரு ஆய்வு, உடைந்த பற்களின் குழிகளில் சிக்கியிருந்த மயிரிலிருந்து மரபணுவைப் பிரித்தது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மனிதன் என்று பட்டியல் வந்தது. தன் எண்ணிக்கையைத் தானே பலமடங்கு ஏற்றிய வேட்டைக்காரரின் சொல்லைவிடச் சிங்கத்தின் பல் நேர்மையான சாட்சி.

சாவோவோடு இந்தத் தொல்லை தீரவில்லை. 1900 ஜூனில் கிமா என்ற சிறு ரயில் நிலையத்தில் இன்னொரு ஆட்கொல்லி. அதைச் சுட்டே தீருவதென்று சார்லஸ் ரையால் என்ற போலீஸ் கண்காணிப்பாளர் தன் ரயில் பெட்டியைப் பக்கத் தண்டவாளத்தில் நிறுத்தி, இரண்டு ஐரோப்பிய நண்பர்களோடு காவல் இருந்தார். முதல் காவல் முறையில் விழித்திருக்க வேண்டியவர் அவர்தான், ஆனால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். சிங்கம் படியேறி, நகரும் கதவு வழியாக உள்ளே வந்தது. தரையில் படுத்திருந்த ஒருவர் மேல் காலை ஊன்றி நின்றுகொண்டு ரையாலைக் கவ்வியது. பெட்டி சாய்வாக நின்றதால் கதவு தானாக மூடிக்கொண்டது. சிங்கம் அவரோடு ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்தது. அந்தப் பெட்டி இன்றும் நைரோபி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே ஏறிப் பார்த்தால் மூன்று பேர் படுக்கவே இடம் நெருக்கம் என்பது தெரியும். நாலாவதாகச் சிங்கமும் வந்தால் எப்படி இருந்திருக்கும்!

இத்தனைக்கும் பிறகு ரயில் நிறுவனம் இந்தப் பயத்தையே விளம்பரமாக்கியது. 1909 ஏப்ரலில், பதவியிலிருந்து இறங்கிச் சில வாரமே ஆன அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் வந்து இறங்கினார். ரயில் எஞ்சினின் முன்பக்கத்தில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து, விலங்குகளைப் பார்த்தபடியே உள்நாட்டுக்குப் போனார். அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து 512 பெரிய விலங்குகளைச் சுட்டார்கள். எலியும் பறவையும் செடியுமாக அந்தக் குழு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியவை பதினோராயிரத்தைத் தாண்டும். அறிவியல் சேகரிப்பு என்று பெயர். அந்தக் காலத்துக் கணக்கில் ஒரு சுமையாள் தலையில் ஏற்றும் மூட்டை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. உப்புப் போட்ட தோல், கூடாரம், ஜனாதிபதியின் கைப்பெட்டி நிறையப் புத்தகங்கள், குளிக்கிற தொட்டி எல்லாம் இருநூற்றுக்கும் மேற்பட்ட தலைகளில் நடந்துபோயின. அவர் எழுதிய தொடர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த பிறகு பணக்காரர்களுக்கு ஆப்பிரிக்க வேட்டை ஒரு மோகமாகிவிட்டது. நைரோபியில் கூடாரம், துப்பாக்கி, ஆள், சமையல் எல்லாம் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்துதரும் கடைகள் பெருகின. இன்றைய பயண முகவர்களின் பாட்டனார்கள் இவர்களே.

துப்பாக்கி கேமராவாக மாறியதற்குக் காட்டுப் பூங்காக்கள் ஒரு காரணம். 1946இல் நைரோபியிலும் 1948இல் சாவோவிலும் தேசியப் பூங்காக்கள் அமைந்தன. சாவோவின் இரண்டு பகுதிகளும் சேர்ந்து ஏறக்குறைய 21,000 சதுர கிலோமீட்டர். அங்கே யானைகள் செம்மண் பூசிச் செங்கல் நிறத்தில் நிற்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் அது வேறு ஒரு இனமோ என்று கேட்பதுண்டு.

விலங்கு எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் காட்டின் சுவை. விடுதிக்காரர்கள் அதையும் ஒழுங்குபடுத்தினார்கள். நியேரிக்குப் பக்கத்தில் அபர்டேர் காட்டில் 1932இல் ஒரு பெரிய அத்திமரத்தின் மேல் கட்டிய ட்ரீடாப்ஸ் விடுதி இதற்கு முன்னோடி. கீழே நீர்க்குட்டை இருந்தது. விலங்குகள் நக்க உப்பும் போட்டுவைத்தார்கள். பின்னாளில் அந்தப் பக்கத்து விடுதிகளில் விளக்கும் வந்தது, சிறுத்தை வந்தால் தூங்குகிறவரை எழுப்ப அறையில் மணியும் வந்தது.

1952 பிப்ரவரி 5ஆம் தேதி இரவு அங்கே தங்கியவர் பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத். அவருக்குத் துணையாக வந்தவர் குமாவோன் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி எழுதிய அதே ஜிம் கார்பெட். இந்தியா சுதந்திரம் பெற்ற 1947இல் நைனிடாலை விட்டுக் கிளம்பி, அக்காவோடு நியேரியில் குடியேறியிருந்தார். எழுபத்தாறு வயதில் துப்பாக்கியோடு ஏணிக்கு மேலே காவல் உட்கார்ந்தார். அந்த இரவில் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்துபோனார். ராணியாகிவிட்டது தெரியாமலே எலிசபெத் காலையில் மரத்திலிருந்து இறங்கினார். அன்று மதியம் சாகானா மாளிகையில்தான் செய்தி தெரிந்தது; அதுவும் அரண்மனையிலிருந்து நேராக வரவில்லை, ஒரு பத்திரிகைக்காரர் வழியாக வந்தது. இரண்டே வருடத்தில், 1954இல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராளிகள் அந்த விடுதியை எரித்துவிட்டார்கள். தங்கள் நிலத்தை இழந்த கிக்குயு மக்களுக்கு அந்த மரவீடு எப்படித் தெரிந்திருக்கும் என்பதை விடுதி விளம்பரங்கள் சொல்வதில்லை. 1957இல் குட்டைக்கு எதிர்ப்பக்கம் பெரிதாகக் கட்டினார்கள். ராணி கதை இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்திருக்காது.

கடற்கரைக்கு இந்த மாதிரிப் புதுக் கதை தேவைப்படவில்லை. பழைய சரக்கே ஏராளம். கடற்கரை ஊரான மாலிந்தியிலிருந்து 1415இல் ஒரு ஒட்டகச்சிவிங்கி கப்பலேறிச் சீனா போனது. மிங் பேரரசரின் சபையில் அதைப் புராண விலங்கு என்று கொண்டாடினார்கள். 1498 ஏப்ரலில் மொம்பாசாவில் மோதலாகி வாஸ்கோ ட காமா மாலிந்திக்கு வந்தார். துறைமுகத்தில் இந்திய வணிகர்களின் கப்பல்கள் நின்றிருந்தன. அங்கே கிடைத்த வழிகாட்டியோடுதான் மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தார். அதாவது ஐரோப்பியர் கண்டுபிடித்த கடல்வழியின் கடைசிப் பகுதி, மாலிந்திக்காரர்களுக்கு வழக்கமான வியாபாரப் பாதை. 1967இல் இத்தாலியர்கள் மாலிந்திக்கு அருகே கடலில் மேடை அமைத்து விண்கலம் ஏவினார்கள். டிசம்பர் 12 கென்யாவின் சுதந்திர நாள். 1970இல் அதே நாளில் அங்கிருந்து கிளம்பிய, எக்ஸ் கதிர் வானியலுக்கான முதல் செயற்கைக்கோளுக்கு உஹுரு, அதாவது விடுதலை, என்று பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகளைத் தொடர்ந்து இத்தாலிய விருந்தாளிகளும் வந்தார்கள். மாலிந்தி கடற்கரையில் படகுக்கு ஆள் சேர்க்கும் பையன்கள் இன்றும் இத்தாலிய மொழியில்தான் பேரம் பேசுகிறார்கள்.

காடும் கடலும் கென்யாவுக்குள்ளேயே ஒரு சுற்றாக இறுகியதற்கு அரசியல் சண்டை ஒரு காரணம். அதுவரை நைரோபியில் இறங்கும் பயணி தான்சானியாவின் செரங்கேட்டியைப் பார்த்துவிட்டு நைரோபிக்கே திரும்புவார். லாபம் கென்யாவில் தங்கிவிடும் என்பது தான்சானியாவின் குறை. 1977இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு உடைந்தபோது தான்சானியா எல்லையை மூடியது. உள்ளே இருந்த கென்யச் சுற்றுலா வண்டிகளையும் பிடித்துவைத்துக்கொண்டது. 1983 வரை எல்லை திறக்கவில்லை. அதே 1977 மே மாதம் கென்யா வேட்டையையும் தடை செய்தது. மசாய் மாரா சரணாலயம், சாவோ, மொம்பாசா கடற்கரை போன்ற உள்நாட்டு இடங்களே விற்பனைக்கு மிஞ்சின.

கடற்கரையும் பின்னாளில் விலை கொடுத்தது. 2002 நவம்பர் 28ஆம் தேதி காலை மொம்பாசாவுக்கு வடக்கே கிக்கம்பாலாவில், இஸ்ரேலியப் பயணிகள் வந்து இறங்கிய விடுதியில் குண்டு வெடித்தது. பத்து கென்யர்களும் மூன்று இஸ்ரேலியர்களும் இறந்தார்கள். விருந்தாளிகளை வாசலில் ஆடி வரவேற்ற நடனக் கலைஞர்களும் அந்தப் பத்துப் பேரில் உண்டு.

கடற்கரை உலகத்துக்குக் கொடுத்த நல்ல கதையும் ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் சபாக்கி ஆற்று வெள்ளம் நீர்யானைகளைக் கடலுக்குத் தள்ளியது. அடுத்து சுனாமி வந்தது. தனியாகப் பவளப்பாறையில் சிக்கிய ஒரு குட்டியை மாலிந்திக்காரர்கள் மீன்வலை போட்டுப் பிடித்தார்கள். மொம்பாசாவின் ஹாலர் பூங்காவில் அதை விட்டதும், நூறு வயது தாண்டிய ஒரு ராட்சத ஆமையிடம் போய் ஒட்டிக்கொண்டது. ஓவன், எம்ஸே என்ற அந்த ஜோடியின் படம் உலகமெங்கும் ஓடியது. அந்தப் பூங்கா முன்பு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குழி. ரெனே ஹாலர் என்ற சுவிஸ் வேளாண் நிபுணர் 1971இல் அங்கே 26 வகை மரம் நட்டதில் பிழைத்தவை சிலவே. அவற்றில் முக்கியமானது நம் கடலோரச் சவுக்கு. உதிர்ந்த சவுக்கு ஊசிகள் மக்காமல் குவிந்தபோது மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று போட்டதுதான் அங்கே மண் ஆனது. ஆமையையும் நீர்யானையையும் படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் குனிந்து அந்த மண்ணைப் பார்த்தார்களோ!

2017இல் சீன நிறுவனம் கட்டிய புது ரயில் பாதை சாவோவைக் கடக்கிறது. யானைகள் நடமாடக் கீழே வழி விட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் எக்ஸ்பிரஸில் ஏறாமல், காலையில் மொம்பாசாவிலிருந்து கிளம்பி வோயிலும் எம்டிட்டோ அண்டேயிலும் நின்று நின்று போகும் பகல் ரயிலில் ஏறுங்கள். பாலம் கட்டிய பஞ்சாபிகளைப் பற்றி வழிகாட்டி தானாகச் சொல்ல மாட்டார், கேளுங்கள்.