பேய் யாருடைய ஞாபகம்?

கல்லலில் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடுகளைக் காட்டி, 'உள்ளே பேய் இருக்கு' என்பார்கள். எனக்கு அப்போது ராம்சே சகோதரர்களின் மலிவுப் பேய்ப்படங்கள்தான் ஞாபகம் வரும். பிரிவினையில் கராச்சியை விட்டு வந்த ரேடியோ கடைக்காரரின் ஏழு பிள்ளைகள். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி எல்லாம் வீட்டுக்குள்ளேயே. 1972இல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' எடுக்க, செட் போடாமல் மகாபலேஷ்வர் விடுதிக்குக் குடும்பத்தோடு போனார்கள்.

விமர்சகர்கள் குப்பை என்று ஒதுக்கிய இப்பிரதிகளை வேறு மாதிரி வாசிக்கலாம். 'புரானா மந்திர்' (1984) படத்தில் அரசன் சாம்ரியின் தலையை வெட்டுகிறான். அவன் சாபத்தால் அவ்வம்சப் பெண்கள் பிரசவத்தில் சாகிறார்கள். சாம்ரி கொடியவன் என்பது வெட்டியவனின் வம்சம் சொல்லும் கதை. தண்டனையோ பெண்ணுடலுக்கு.

பேய் இருக்கா என்பதல்ல கேள்வி. பேயாக்கப்பட்டது யாரு?