19 பேருடன் தொடங்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்': யார் வந்தார்கள், எங்கே போனார்கள்? முழு விவரம்

விழுப்புரம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் தெருக்கூத்துக் குழுவை 'ஜமா' என்பார்கள். வேஷம் கட்டுபவர் மாறுவார், மத்தளக்காரர் மாறுவார். ஆனா ஜமா பேரு அப்படியே நிற்கும். சென்னையில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே ஆட்கள் குழுவைவிடப் பெரிய பெயர் வாங்கிவிட்டார்கள்.

எப்படி உருவானது?

இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. டென்மா அதற்கு முன்பே 'குரங்கன்' என்ற தனியிசைக் குழுவில் இருந்தவர். 2018 ஜனவரி 6-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. மேடையில் 19 பேர்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லாடலை முன்வைத்தவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914). 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவரும் அவர்தான். குழுவின் பெயர் அவருடைய அந்தச் சொல்லிலிருந்து பிறந்தது.

முதல் அணியில் யார் யார்?

* கானா பாடகர்கள்: முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, இசைவாணி
* ராப்: அறிவு
* கிட்டார்: சாகிப் சிங்
* டிரம்ஸ்: மனு கிருஷ்ணன்
* இவர்களோடு பறை, சட்டி, கட்ட மோளம், டோலக் கலைஞர்கள்

சாவு வீட்டு வாசலில் மட்டும் கேட்கும் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவும், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையும் ராக், ராப் இசையோடு ஒரே மேடையில் நின்றதுதான் அன்று புதுசு. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை என்று சினிமா பாட்டு தொடாத விஷயங்களை நேரடியாகப் பாடினார்கள்.

அறிவு: குழுவிலிருந்து உலக மேடைக்கு

அரக்கோணத்துக்காரரான அறிவு, அதே 2018-ல் 'காலா' படத்துக்குப் பாட்டு எழுதினார். 2019-ல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' அவரை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டைப்படத்தில் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் உட்பட பலர் கண்டித்த பிறகு, அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. பின்னர் 'அம்பாசா' என்ற தன் சொந்தக் குழுவோடு மேடையேறிய அறிவு, 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தை வெளியிட்டார்.

இசைவாணி: ஒரே பெண் குரல்

வடசென்னையைச் சேர்ந்த இசைவாணிதான் தொடக்க அணியில் இருந்த ஒரே பெண். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் அது சின்ன விஷயம் இல்லை. 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். 2021-ல் பிக் பாஸ் 5-வது சீசனில் போட்டியாளர். அதே புகழ் சிக்கலையும் கொண்டுவந்தது. கோயில் நுழைவு உரிமையைப் பேசிய பழைய பாடல் ஒன்றுக்காக 2024 நவம்பரில் அவர் மீது புகார்கள் கிளம்பின. பாடலை மேடையேற்றியது மொத்தக் குழு. தாக்குதலைச் சந்தித்தது தனி ஒரு பெண்.

டென்மா என்ன செய்தார்?

'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) படங்களுக்கு இசையமைத்தார்.

ஆட்கள் மாறினால் பேண்டு உடைந்ததா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. உலக அளவிலும் இது சகஜம். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தின் நியூ வேவ் அலையோடு எழுந்த 'தி க்யூர்' குழுவில் தொடக்கம் முதல் இன்றுவரை நிலையாக இருப்பவர் ராபர்ட் ஸ்மித் ஒருவர்தான். அங்கே ஒருவர் நிலையாக நின்றார், மற்றவர்கள் மாறினார்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் நிலையாக நிற்பது அந்தப் பெயர். 'கலெக்டிவ்' என்றாலே கூட்டு என்றுதானே அர்த்தம்!

ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அறிவு, இசைவாணி பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே மேடையில் சட்டியும் கட்ட மோளமும் அடித்தவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் தெரியாமல் போன கலைஞர்களுக்காகத் தொடங்கிய குழு இது. அந்தக் கணக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.